டிரைவ் காணோம், ஃபோல்டர் காணோம் என்று சாஃப்ட்வேர் சொன்னால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் எங்களிடம் சிஸ்டம் பார்க்கக் கொடுப்பவர்களில் ஆடிட்டர் ஆபீஸ் உண்டு, மாங்கூழ் ஆலை உண்டு, கிரானைட் யார்டு, பர்கூர் ஜவுளிக்கடை, கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோ எல்லாம் உண்டு. போனில் வரும் புகார் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சாஃப்ட்வேர் திறக்க மாட்டேங்குது, என்னமோ பாத் இல்லைன்னு சொல்லுது." அந்த ஒரு புகாருக்குள் இருக்கும் பல காரணங்களை இங்கே பிரித்துச் சொல்கிறோம். எல்லாம் விண்டோஸ் 10, 11 சிஸ்டங்களுக்கானவை. மெனுப் பெயர்கள் உங்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். உச்சரிப்பை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

நேற்று வரை ஓடிய சாஃப்ட்வேர் இன்று "பாத் நாட் ஃபவுண்ட்" என்கிறது. டேட்டா போய்விட்டதா?

பெரும்பாலும் போகவில்லை. பாத் என்றால் டிரைவிலிருந்து ஃபைல் வரை போகும் பாதை. சாஃப்ட்வேர் தேடும் இடமும் டேட்டா இருக்கும் இடமும் வேறு வேறாகிவிட்டன, அவ்வளவுதான். நம் ஊர் வீட்டு வாசலில் புதிய எண், பழைய எண் என்று இரண்டு எழுதியிருக்குமே, அதே கதை. வீடு அங்கேயே இருக்கிறது. பழைய எண்ணோடு வந்தவர்தான் தெருவில் நிற்கிறார்.

டி, இ, எஃப் என்கிற டிரைவ் எழுத்து ஹார்ட் டிஸ்க்கோடு பிறந்தது இல்லை. அந்தந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் கொடுப்பது. ஏ, பி இரண்டும் ஃபிளாப்பி காலத்தில் ஒதுக்கியவை, விண்டோஸ் இருக்கும் இடம் சி, மற்றவை காலியாக இருக்கும் எழுத்துகளில் வரிசையாக உட்காரும். வரிசை கலைந்தால் எழுத்து மாறும். சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. முதல் நாள் சொல்லிக் கொடுத்த எழுத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

அதனால் முதல் வேலை, அந்த எரர் பெட்டியில் ஓகே அழுத்துவதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுப்பது. அதில் ஓர் எழுத்தும் பக்கத்தில் இரட்டைப் புள்ளியும் இருக்கும். சாஃப்ட்வேர் எங்கே போய்த் தேடியது என்பது அதுதான். பாதி வேலை அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும்.

எரர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. எது எதைக் குறிக்கிறது?

"பாத் நாட் ஃபவுண்ட்" என்றால் வழியில் ஏதோ ஒரு ஃபோல்டரோ டிரைவோ இல்லை. "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்றால் ஃபோல்டர் வரை போக முடிந்தது, உள்ளே அந்த ஃபைல் இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம். முன்னதில் டிரைவைத் தேடுங்கள். பின்னதில் யாராவது ஃபைலை நகர்த்தினார்களா, பெயர் மாற்றினார்களா, ஆன்டிவைரஸ் தூக்கி உள்ளே வைத்துவிட்டதா என்று பாருங்கள்.

எடைமேடை சாஃப்ட்வேர், பழைய பில்லிங் சாஃப்ட்வேர் போன்றவை பெரும்பாலும் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய புரோகிராம் மொழியில் எழுதியவை. அவை "ரன்டைம் எரர்" என்று ஓர் எண்ணைக் காட்டும். 76 என்றால் பாத் இல்லை. 53 என்றால் ஃபைல் இல்லை. 68 என்றால் அந்த டிரைவே கிடைக்கவில்லை. 71 என்றால் டிரைவ் எழுத்து இருக்கிறது, உள்ளே டிஸ்க் தயாராக இல்லை. 70, 75 இரண்டும் வேறு வகை: இடம் இருக்கிறது, ஆனால் எழுத அனுமதி இல்லை, அல்லது இன்னொருவர் அதே ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார். 75 வந்ததற்கு டிரைவ் எழுத்தை மாற்றிக்கொண்டிருந்தால் சாயங்காலம் வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஆக்சஸ் டேட்டாபேஸ் வைத்து ஓடும் சாஃப்ட்வேர்களில் "நாட் எ வேலிட் பாத்" என்று நீளமாக ஒரு வாக்கியம் வரும். முழுப் பாதையையும் மேற்கோள் குறிக்குள் எழுதிக் காட்டும். இருப்பதிலேயே நல்ல எரர் இதுதான் என்பேன். எங்கே தேடியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில்தான் கணக்கு இருக்கிறது. சில நாள் திறக்கிறது, சில நாள் இல்லை. ஏன்?

மாம்பழ சீசனில் மண்டிகளிலிருந்தும் கூழ் ஆலைகளிலிருந்தும் அதிகம் வரும் கேள்வி இது. ஹார்ட் டிஸ்க் வழக்கமாக இ டிரைவாக வரும். ஒரு நாள் காலையில் யாரோ பில் பிரின்ட் எடுக்க ஒரு பென்டிரைவை முதலில் சொருகுகிறார். இ அதற்குப் போய்விடுகிறது. பின்னால் வந்த ஹார்ட் டிஸ்க் எஃப் ஆகிவிடுகிறது. சாஃப்ட்வேர் இ-யில் தேடுகிறது. அங்கே யாரோ எடுத்த கல்யாண போட்டோதான் இருக்கிறது.

அவசரத்துக்கு, இரண்டையும் முறையாக எஜெக்ட் செய்து கழற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முதலில் சொருகிப் பாருங்கள், பழைய எழுத்திலேயே வரலாம். நிரந்தரமாகச் சரிசெய்ய:

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறக்கவும்.
உங்கள் ஹார்ட் டிஸ்க்கை அதன் அளவையும் பெயரையும் வைத்து அடையாளம் காணவும். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டும். அது குறை இல்லை.
அதன் மேல் ரைட் கிளிக், "சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்", பிறகு "சேஞ்ச்".
தள்ளியிருக்கும் ஓர் எழுத்தைக் கொடுக்கவும். நாங்கள் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்கு டி-க்குப் பதில் டபிள்யூ அல்லது எக்ஸ் கொடுப்போம். பென்டிரைவ் எவ்வளவு சொருகினாலும் அந்த எழுத்து வரை போகாது.

இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இது நினைவில் இருக்கும். அதே டிஸ்க்கை வீட்டு லேப்டாப்பில் போட்டால் அங்கே வேறு எழுத்து வரும். அங்கேயும் ஒரு முறை இதைச் செய்துவிட வேண்டும். எழுத்து மாற்றிய பிறகு சாஃப்ட்வேரிலும் புதிய இடத்தைக் காட்ட வேண்டும். அப்புறம், சி டிரைவின் எழுத்தில் கை வைக்காதீர்கள். சாஃப்ட்வேரே இன்ஸ்டால் ஆகியிருக்கும் டிரைவின் எழுத்தையும் மாற்றாதீர்கள்.

டேலி திறக்கிறது, ஆனால் கம்பெனி ஒன்றுமே இல்லை. புதிதாகக் கம்பெனி போட்டுவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அதே பெயரில் புதுக் கம்பெனி போட்டு நாலு நாள் என்ட்ரியும் போட்ட பிறகு பழைய டேட்டா கிடைத்தால், இரண்டையும் ஒன்று சேர்ப்பது தனி வேலை. ஜிஎஸ்டி ரிட்டன் நேரத்தில் அந்த வேலையை எந்த அக்கவுன்டன்டும் விரும்ப மாட்டார்.

டேலிபிரைமில் டேட்டா வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலிபிரைம், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும். ஆனால் முதலில் போட்டுக் கொடுத்தவர் டி டிரைவில் வைத்திருந்தால் அங்கேதான் இருக்கும். ஃபோல்டருக்குக் கம்பெனி பெயர் இருக்காது. ஐந்தாறு இலக்க எண்ணாக இருக்கும். அதனால் "எங்க கம்பெனி பேரையே காணோமே" என்று பதற வேண்டாம். எண் பெயரிட்ட ஃபோல்டர்களைத் தேடுங்கள்.

கிடைத்ததும் டேலியில் எஃப்3 அழுத்தி, "செலக்ட் கம்பெனி" திரையில் "ஸ்பெசிஃபை பாத்" என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த எண் ஃபோல்டருக்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும். பலர் எண் ஃபோல்டருக்கு உள்ளேயே போய்க் காட்டுகிறார்கள். அப்போதும் பட்டியல் காலியாகத்தான் வரும். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் முதல் வேலையாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, அப்புறம் என்ட்ரி போடுங்கள்.

புது லேப்டாப் வாங்கினோம். சி டிரைவ் மட்டும்தான் இருக்கிறது. எடைமேடை சாஃப்ட்வேர் டி டிரைவைக் கேட்கிறது.

இதற்குக் காரணம் பழைய பழக்கம். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கிய காலத்தில் ஒரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்று நான்காகப் பிரித்துக் கொடுப்பார்கள். விண்டோஸ் கெட்டால் சி-யை மட்டும் ஃபார்மேட் அடிக்கலாம், டி-யில் டேட்டா பத்திரம் என்ற கணக்கு. அன்றைக்கு அது நல்ல கணக்குதான். சாஃப்ட்வேர் எழுதியவர்களும் எல்லார் வீட்டிலும் டி இருக்கும் என்று நம்பி, பாதையை உள்ளேயே எழுதிவிட்டார்கள். இன்றைய லேப்டாப்கள் பெரும்பாலும் சி ஒன்றோடுதான் வருகின்றன.

கிரானைட் யார்டிலோ ஆலை வாசலிலோ லாரி வரிசையில் நிற்கும்போது இதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதால், வேகமான வழியிலிருந்து சொல்கிறேன்.

முதலில், சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, ஐஎன்ஐ என்று முடியும் ஃபைல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நோட்பேடில் திறக்கும். டேட்டா இருக்கும் பாதை அதில் ஒரு வரியாக இருந்தால், டி-யை சி-யாக மாற்றி சேவ் செய்தால் போதும். மாற்றும் முன் அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். "புரோகிராம் ஃபைல்ஸ்" ஃபோல்டருக்குள் இருந்தால் நேரடியாக சேவ் ஆகாது. நோட்பேடை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறக்க வேண்டும்.

அந்த வரி இல்லையென்றால் பாதை சாஃப்ட்வேருக்குள்ளேயே புதைந்திருக்கிறது. அப்போது விண்டோஸிடம் ஒரு பொய் டி டிரைவ் கேட்கலாம். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, எஸ், யு, பி, எஸ், டி (SUBST) என்று ஐந்து எழுத்து, ஓர் இடைவெளி, டிரைவ் எழுத்தான டி-யும் (D) இரட்டைப் புள்ளியும், மறுபடி இடைவெளி, பிறகு சி டிரைவில் டேட்டா இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதை. என்டர் அடித்ததும் அந்த ஃபோல்டரே டி டிரைவாகத் தெரியும். சாஃப்ட்வேர் ஏமாந்துவிடும். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் இது மறைந்துவிடும், எனவே அந்த வரியை ஒரு பேட்ச் (BAT) ஃபைலாக ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட வேண்டும். லாரியை அனுப்ப இது போதும்.

நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்கும்போது உண்மையாகவே ஒரு டி டிரைவ் உண்டாக்கிவிடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி மேல் ரைட் கிளிக், "ஷ்ரிங்க் வால்யூம்", தேவையான அளவு, பிறகு காலியான இடத்தில் "நியூ சிம்பிள் வால்யூம்". டேட்டா அழியாது, ஆனாலும் பேக்கப் இல்லாமல் நாங்கள் இதைத் தொடுவதில்லை, நீங்களும் தொட வேண்டாம். சில சமயம் 200 ஜிபி காலி இருந்தும் கொஞ்சம்தான் குறைக்க முடியும் என்று சொல்லும். நகர்த்த முடியாத சிஸ்டம் ஃபைல் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யப் போனால் "எரர் 1327, இன்வேலிட் டிரைவ்" என்று நிற்கிறது. நான் சி-யில்தானே இன்ஸ்டால் செய்கிறேன்?

இது எரிச்சலான எரர், ஏனென்றால் உங்கள் மேல் தவறே இல்லை. எப்போதோ ஒருவர் உங்கள் "டாக்குமென்ட்ஸ்" அல்லது "பிக்சர்ஸ்" ஃபோல்டரை இடம் மிச்சம் பிடிக்க எஃப் டிரைவுக்கு மாற்றியிருப்பார். அந்த டிரைவ் இப்போது இல்லை. இன்ஸ்டாலர் இன்ஸ்டால் செய்யும் இடத்தை மட்டும் பார்ப்பதில்லை; இந்த ஃபோல்டர்களையும் ஒரு முறை தொட்டுப் பார்க்கும். ஒன்று இல்லையென்றாலும் நின்றுவிடும். 1606 என்ற எரரும் பெரும்பாலும் இதே குடும்பம்தான்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக், "பிராப்பர்ட்டீஸ்", "லொகேஷன்" பார்த்து, இல்லாத டிரைவைக் காட்டினால் "ரீஸ்டோர் டீஃபால்ட்" கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் "யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ்" என்ற இடத்தில் அந்த எழுத்து ஒளிந்திருக்கும். ரிஜிஸ்ட்ரி பழக்கம் இல்லாதவர்கள் மேலே சொன்ன பொய் டிரைவ் வித்தையை எஃப்-க்குச் செய்து, இன்ஸ்டால் முடிந்ததும் எடுத்துவிடலாம். அழகான வழி இல்லை, ஆனால் வேலை நடக்கும்.

எரர் எண் எதுவும் சொல்லாமல் எல்லா இன்ஸ்டாலரும் வரிசையாகத் தோற்றால், "என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்" திரையில் டெம்ப், டிஎம்பி (தற்காலிக ஃபைல்களுக்கான இடங்கள்) இரண்டும் எங்கே காட்டுகின்றன என்று பாருங்கள். அவை இல்லாத டிரைவைக் காட்டினால், புது இன்ஸ்டாலருக்கு மூட்டையைப் பிரிக்கவே இடம் இருக்காது.

ஆபீஸில் நாலு சிஸ்டம். சர்வரின் இசட் டிரைவில் காலையில் சிவப்புப் பெருக்கல் குறி. மதியம் தானாகச் சரியாகிவிடுகிறது.

கரன்ட் போய் வந்த மறுநாள் இது கட்டாயம் வரும். சர்வர் என்று நாம் மரியாதையாகச் சொல்வது பல இடங்களில் மூலையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர்தான். அது முழுதாக எழுந்திருக்கும் முன்பே மற்ற மூன்றையும் போட்டுவிட்டால், அவை இசட்-ஐத் தேடி, கிடைக்காமல், சிவப்புக் குறி போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். சர்வரையும் ரூட்டரையும் முதலில் போடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து மற்றவற்றைப் போடுங்கள். சிவப்புக் குறி வந்துவிட்டால் எக்ஸ்ப்ளோரரில் இசட்-ஐ ஒரு முறை இரட்டைக் கிளிக் செய்து திறந்துவிட்டு, அப்புறம் சாஃப்ட்வேரைத் திறங்கள். பல சமயம் அவ்வளவுதான்.

எக்ஸ்ப்ளோரரில் இசட் நன்றாகத் திறக்கிறது, சாஃப்ட்வேர் மட்டும் இல்லை என்கிறதா? அந்த ஐகானை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறக்கிறீர்களா என்று பாருங்கள். சாதாரணமாக இணைத்த நெட்வொர்க் டிரைவ் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியில் ஓடும் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. விண்டோஸ் இரண்டையும் வேறு வேறு ஆளாகத்தான் பார்க்கிறது. முடிந்தால் சாதாரணமாகவே ஓட விடுங்கள். இல்லையென்றால் சாஃப்ட்வேர் செட்டிங்கில் இசட் என்று எழுதாமல், முதலில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு சர்வர் பெயரும், இன்னொரு பேக்ஸ்லாஷ் போட்டு ஷேர் பெயரும் (சர்வரில் பகிர்ந்திருக்கும் ஃபோல்டரின் பெயர்) எழுதுங்கள். எழுத்தே இல்லாததால் எழுத்து தொலையும் பிரச்சினையும் இல்லை.

ஒரு சிஸ்டத்தை மட்டும் புதிதாக மாற்றிய பிறகு ஷேர் திறக்கவில்லை என்றால் காரணம் வேறு. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக ஷேருக்குள் நுழைவதைப் புரோ பதிப்பும் தடுக்கிறது. "எவ்ரிஒன்" கொடுத்து, பாஸ்வேர்டு இல்லாமல் ஓட்டிய ஆபீஸ்களில் இதனால்தான் நின்றது. தடுப்பை நீக்கும் வழி இணையத்தில் கிடைக்கும். எங்கள் ஆலோசனை, சர்வரில் ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கி அதைப் போட்டு நுழையுங்கள். சர்வர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி என்றால் அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

போட்டோஷாப் "ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்" என்று திறக்கவே மாட்டேன் என்கிறது.

தற்காலிக ஃபைல்களை எழுத முன்பு குறித்துக் கொடுத்த டிரைவ் இப்போது இல்லை, சி-யில் எழுதப் போனால் இடமும் இல்லை. முகூர்த்த மாதங்களில் ஸ்டூடியோக்காரர்களின் சி டிரைவ் நிறைந்து வழியும். ஐகானைக் கிளிக் செய்தவுடன் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். எந்த டிரைவில் எழுதட்டும் என்று கேட்கும் பெட்டி வரும். இடம் இருக்கும் டிரைவைக் கொடுங்கள்.

பிரீமியர் வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் கிளிப் எல்லாம் சிவப்பாகி "மீடியா ஆஃப்லைன்" என்று வந்தால், வரும் பெட்டியில் ஒரு கிளிப்பின் புது இடத்தை மட்டும் காட்டுங்கள். மற்றவற்றையும் தானே இணைக்கும் டிக் கீழே இருக்கிறது. ஃபோல்டர் அமைப்பை மாற்றாமல் அப்படியே நகர்த்தியிருந்தால் மீதி தானாக வந்துவிடும். கார்டு ஒன்று, கார்டு இரண்டு என்று இருந்ததைக் கலைத்து, "மணப்பெண் அழைப்பு", "முகூர்த்தம்" என்று அடுக்கியிருந்தால் ஒவ்வொன்றாகத்தான் காட்ட வேண்டும். பிராஜெக்ட் முடியும் வரை அடுக்குகிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

அப்டேட் முடிந்து திறந்தால் டெஸ்க்டாப் காலி. "டெஸ்க்டாப் இஸ் அன்அவெய்லபிள்" என்கிறது.

விண்டோஸ் உங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தற்காலிகக் கணக்கில் உள்ளே விட்டிருக்கலாம். அதில் எதையும் சேவ் செய்யாதீர்கள், சைன் அவுட் ஆனதும் அழிந்துவிடும். சி டிரைவில் "யூசர்ஸ்" ஃபோல்டருக்குள் உங்கள் பெயர் இருக்கிறதா, அதற்குள் டெஸ்க்டாப் ஃபைல்கள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் நிம்மதி. ஒன்றிரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், பல சமயம் அதிலேயே சரியாகும்.

தற்காலிகக் கணக்கு இல்லையென்றால், மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவைச் சந்தேகப்படுங்கள். கேட்டபோது "எஸ்" அழுத்தியிருந்தால் அது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் தன் ஃபோல்டருக்குள் மாற்றிக்கொள்ளும். பழைய பாதையில் தேடும் சாஃப்ட்வேர் கைவிரிக்கும். ஃபைல் பக்கத்தில் மேகப் படம் மட்டும் இருந்தால் அது இன்னும் உங்கள் டிஸ்க்கில் இறங்கவே இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் அதைத் திறக்க முடியாது. கணக்கு டேட்டாவை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் வைத்து ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. பேக்கப்பை அங்கே வையுங்கள், நல்லது.

ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தேன். எக்ஸ்ப்ளோரரில் திறக்கிறது, பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் கேள்விக்குறியாகக் காட்டி "பாத் இல்லை" என்கிறது.

சாஃப்ட்வேர் பழையது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு வருவதற்கு முந்தைய முறையில் ஃபைல் பெயரைப் படிக்கிறது. அந்தப் பழைய முறையில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குறியீட்டுப் பட்டியல் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒன்று இல்லவே இல்லை, தமிழ் நேராக யூனிகோடில்தான் வந்தது. அதனால் "புளி கொள்முதல்" என்று நீங்கள் எழுதியது அந்த சாஃப்ட்வேருக்கு வெறும் கேள்விக்குறிகள். கேள்விக்குறி ஃபோல்டர் பெயரில் வரவே கூடாத குறி என்பதால் கதவு அங்கேயே மூடிவிடும்.

ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தால் தீர்ந்தது. சிக்கல் பெரிதாவது விண்டோஸ் கணக்கின் பெயரையே தமிழில் கொடுத்தவர்களுக்கு. அப்போது "யூசர்ஸ்" ஃபோல்டருக்குள் உங்கள் ஃபோல்டரே தமிழில் இருக்கும். டெம்ப் ஃபைல்களும் அதற்குள்தான். பிறகு செட்டிங்கில் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கு ஒன்று உண்டாக்கி அதற்கு மாறுவதுதான் வழி. டாக்குமென்டுக்குள் தமிழ், ஃபைலுக்குத் தமிழ்ப் பெயர் எல்லாம் தாராளமாக வையுங்கள். இருபது வருடத்துக்கு முன் எழுதிய சாஃப்ட்வேர் தொடும் பாதையில் மட்டும் வேண்டாம்.

"யூ நீட் டு ஃபார்மேட் த டிஸ்க்" என்று கேட்கிறது. கொடுக்கலாமா?

கூடாது. "கேன்சல்" அழுத்துங்கள்.

விண்டோஸுக்கு அந்த டிஸ்க்கின் உள்ளடக்க அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் "ரா" என்று எழுதியிருக்கும். டேட்டா பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. ஃபார்மேட் கொடுத்தாலோ, அதன் மேல் புதிதாக எழுதினாலோதான் நிஜமாகவே போகும் ஆபத்து.

முதலில் கேபிளை மாற்றுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளின் அகலமான அந்தக் கேபிள் முனை தளர்ந்துபோவது சர்வ சாதாரணம். கிரானைட் தூசு பறக்கும் ஆபீஸில் சொல்லவே வேண்டாம். டெஸ்க்டாப்பில் முன்பக்கம் சொருகியிருந்தால் பின்பக்கம் சொருகிப் பாருங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டாம். இன்னொரு கம்ப்யூட்டரிலும் பாருங்கள்.

அதன் பிறகும் அதே கேள்வி வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் கரன்ட்டைத் துண்டித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். இணையத்தில் சொல்லியிருக்கிறது என்று "செக்டிஸ்க்" ஓட்டாதீர்கள். நல்ல டிஸ்க்கில் அது பழுது பார்க்கும், சாகப்போகும் டிஸ்க்கை இன்னும் வேகமாகச் சாகடிக்கும். முதலில் டேட்டாவை நகல் எடுக்க வேண்டும், பழுது பார்ப்பது அதற்குப் பிறகு.

ஃபார்மேட் கேட்காமல் ஒரு சாவி கேட்டால் அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் பாதுகாப்பு. அந்தச் சாவி 48 இலக்க எண். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். லேப்டாப்பை முதலில் செட்டப் செய்தவரின் கணக்கிலும் இருக்கலாம். அந்த எண் இல்லாமல் எங்களாலும் முடியாது, வேறு யாராலும் முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

"நோ டிஸ்க், இன்சர்ட் எ டிஸ்க்" என்று சும்மா சும்மா வருகிறது.

கார்டு ரீடர். காலியாக இருந்தாலும் அது டிரைவ் எழுத்துகளைப் பிடித்து வைத்திருக்கும். ஏதோ ஒரு சாஃப்ட்வேர் அதில் போய்த் தேடுகிறது. ரீடரைக் கழற்றுங்கள் அல்லது அதன் எழுத்தை மாற்றுங்கள்.

எரரில் எந்தப் பாதையும் இல்லை. சும்மா "ஃபெயில்ட்" என்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் "பிராசஸ் மானிட்டர்" என்று ஒரு இலவசக் கருவி உண்டு. ஒரு சாஃப்ட்வேர் எந்தெந்த ஃபைலைத் தொடுகிறது, கிடைத்ததா இல்லையா என்று வரி வரியாகக் காட்டும். அதைத் திறந்து, ஃபில்டரில் உங்கள் சாஃப்ட்வேர் பெயரைக் கொடுத்து, "ரிசல்ட்" என்ற இடத்தில் "பாத் நாட் ஃபவுண்ட்" என்று வையுங்கள். பிறகு எரரை ஒரு முறை வரவழையுங்கள். கடைசியில் வரும் வரிகளில் இல்லாத டிரைவ் பெயர் அப்பட்டமாக நிற்கும். "நேம் நாட் ஃபவுண்ட்" வரிகள் ஆயிரக்கணக்கில் வரும், அவற்றைக் கண்டு மிரள வேண்டாம். நல்ல சாஃப்ட்வேரும் அப்படித்தான் தேடித் தேடிப் பார்க்கும்.

எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டால் சரியாகாதா?

பாதைப் பிரச்சினைக்கு ஆகாது. பல சாஃப்ட்வேர்கள் பழைய செட்டிங்கை ரிஜிஸ்ட்ரியிலேயே விட்டுப் போகும், திரும்ப வந்து அதே இல்லாத டிரைவைத்தான் தேடும். ஆனால் சில, போகும்போது டேட்டா ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். சிஸ்டம் சர்வீஸுக்கு வருபவர் எதையும் பார்க்காமல் முதல் வார்த்தையாக "ஃபார்மேட் போட்டுடலாம்ணா" என்றால், டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். அதைக் காட்டித் தந்த பிறகு வேலையை ஆரம்பிக்கட்டும்.

உங்களிடம் கொண்டுவருவதென்றால் எதையெல்லாம் எடுத்து வர வேண்டும்?

ஓசூரிலிருந்தோ அரூரிலிருந்தோ பஸ் ஏறி வருபவர்கள் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்து, கேபிளை விட்டுவிடுகிறார்கள். சந்தேகமே அந்தக் கேபிள் மேல்தான், அதையும் கொண்டுவாருங்கள். எரர் போட்டோ வேண்டும். கடைசியாக நன்றாக ஓடிய பிறகு என்ன மாறியது என்பதும் வேண்டும்: புது பிரின்டரா, அப்டேட்டா, பையன் வந்து கேம் ஏற்றினானா, எதுவானாலும் கோபப்பட மாட்டோம். லேப்டாப் என்றால் சார்ஜர், பாஸ்வேர்டு. நெட்வொர்க் பிரச்சினைக்குச் சர்வரைக் கழற்றித் தூக்கி வர வேண்டாம். கழற்றிவிட்டால் கெட்டது எது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. அதற்கு நாங்கள் உங்கள் ஆபீஸுக்கு வருகிறோம்.